தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியத்தோடு ஒரு மல்லுக்கட்டு

கழுத்துக்கட்டி பெரிதாகி, சோறு விழுங்கவே சிரமமானதால் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் தைராய்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆட்டிப்படைத்தது அதற்கப்புறம் வந்த கால்சியக் குறைவுதான்.

மறுநாள் சாயங்காலம் உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்றது, பிறகு விரல் நுனிகளும். டூட்டி டாக்டர் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, காற்றை இறக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மூன்று நிமிடம்வரை வைப்பார்களாம். எனக்கு அதற்கு முன்பே மணிக்கட்டு மடங்கி, விரல்கள் குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. "ஏட்டி, கை ஏன் இப்படிக் கோணுது, வாதமா?" என்று அம்மா பதறிவிட்டாள். ரத்தத்தில் கால்சியம் 7.1. ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும்.

கால்சியம் குறைந்தால் உடம்பு தளர்ந்துதானே போகணும், ஏன் இழுக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். நரம்பில் செய்தி ஓடுவது சோடியம் உள்ளே பாய்வதால்தான். அதற்கான வாசல்கள் கண்டபடி திறக்காமல் அடக்கி வைப்பது நரம்புக்கு வெளியே இருக்கிற கால்சியம். அது குறைந்தால், யாரும் தொடாமலே நரம்பு தானாகத் துடிக்கத் தொடங்கிவிடும், தசை இறுகும். பயந்து வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் காரத்தன்மை கூடி, புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் கால்சியம் இன்னும் குறையுமாம். அம்மா அழ அழ எனக்கு இழுப்பு ஏன் கூடியது என்று அப்போதுதான் புரிந்தது!

உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. ஆனால் பாபநாசம் அணை நிரம்பியிருந்தாலும் மதகைத் திறக்க ஆள் வேண்டுமே? அந்த ஆள், தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள். ஆபரேஷனில் அவற்றின் ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டால் கொஞ்ச காலம் முடங்கிவிடும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும் என்றார் டாக்டர்.

ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் இதயத்துடிப்பு தடுமாறும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை.

இதில் நேரக்கணக்குதான் பெரிய தொல்லை. எடுத்த தைராய்டுக்குப் பதிலாகத் தரும் ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் காலையில் வெறும் வயிற்றில். கால்சியம் அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி. இல்லாவிட்டால் தைராக்சினை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடுதான், அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். அதனால் இட்லிக்கு இல்லை, மதியச் சோற்றுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

அத்தை கேழ்வரகுக் கூழும் எள்ளுருண்டையுமாகக் கொண்டுவந்து, "மாத்திரை எதுக்குட்டி?" என்றாள். கூழ் நல்லதுதான். ஆனால் பாராதைராய்டு வேலை செய்யாதபோது சிறுநீரகம் வைட்டமின் டியைப் போதுமான அளவு செயல்படும் வடிவத்துக்கு மாற்றாது. அது இல்லாமல் குடல் கூழிலிருந்து எடுக்கும் கால்சியம் கொஞ்சம்தான். அதற்குத்தான் செயல்படும் வடிவத்திலேயே உள்ள வைட்டமின் டியான கால்சிட்ரியால் மாத்திரை தனியாக.

இப்போது சுருசுருப்பு இல்லை. கால்சியம் டோஸைப் பாதியாக்கியிருக்கிறார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருந்தால் கால்சிட்ரியாலையும் குறைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர்.