மரிம்பா கொன்செர்ட்டோ: பிள்ளையின் கைக்கு எது பொருந்தும்?

பாடசாலை பாண்ட் குழுவில் உலோகத் தகடுகள் கொண்ட லயரைத் தூக்கி ஒற்றைக் கோலால் தட்டிய எங்கள் தலைமுறையின் பிள்ளைகள், இன்று இங்குள்ள பாடசாலைகளில் மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவின் முன் நிற்கிறார்கள். ஒரு கொன்செர்ட்டோ (ஒர்க்கெஸ்ட்ராவோடு ஒருவர் தனித்து வாசிக்கும் படைப்பு) தெரிவு செய்யச் சொன்னால், காணொளியில் கேட்டு மயங்கியதைத்தான் கேட்பார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் எம்மானுவேல் செஜூர்னே 2005இல் எழுதியது அப்படியொன்று. அருமையான இசைதான். ஆனால் அதற்கு 5 ஓக்டேவ் (ஒரு 'சி'யிலிருந்து அடுத்த 'சி'வரை ஓர் ஓக்டேவ்) வாத்தியமும் நான்கு கோலில் நல்ல தேர்ச்சியும் வேண்டும்.

முதலில் வாத்தியத்தை அளந்து பாருங்கள். 4 ஓக்டேவ் மரிம்பா நடு 'சி'க்கு ஓர் ஓக்டேவ் கீழே தொடங்கும். 5 ஓக்டேவ் இன்னுமோர் ஓக்டேவ் இறங்கும். பெரியதற்கு எழுதியதைச் சிறியதில் வாசிக்க அடிச்சுரங்களை மேலே ஏற்றினால் இடக்கை வலக்கையோடு முட்டும், இசையும் நெருக்குப்படும்.

அடுத்தது கை. கீழ்ச்சுரங்களின் மரக்கட்டைகள் அகலமானவை. அதனால் மேலே எளிதாக எட்டும் ஓக்டேவ், கீழே சின்னக் கைக்கு எட்டாது. ஒரு கையில் இரண்டு கோலைப் பிடித்து, ஐந்து சுர இடைவெளியில் இரண்டு நிமிடம் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். வெளிக்கோல் சத்தம் மங்கினாலோ சுண்டுவிரல் நொந்தாலோ, நான்கு கோல் படைப்பு இந்த வருடம் வேண்டாம்.

இரண்டு கோலில் உறுதியாக நிற்கும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது, அமெரிக்க இசையமைப்பாளர் போல் கிரெஸ்டனின் கொன்செர்ட்டினோ (சிறிய கொன்செர்ட்டோ). பெண்கள் ஒர்க்கெஸ்ட்ரா ஒன்றை நடத்திய ஃபிரெடரிக் பெட்ரிடெஸ் கேட்டு எழுதுவித்தது; 1940 ஏப்ரல் 29இல் நியூயோர்க்கில் ரூத் ஸ்டூபர் முதலில் வாசித்தார். மூன்று பகுதிகள். முதலாவதும் மூன்றாவதும் இரண்டு கோலுக்குரியவை. நடுப்பகுதி மட்டும் நான்கு கோல். சறுக்குவதும் அங்கேதான். மெதுவானது, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே தினமும் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். தொடக்கத்தில் ரோல் (சுரம் நீள்வதற்காகக் கோல்களை மாறிமாறி வேகமாகத் தட்டுவது) வேண்டாம்: கோர்டுக்குரிய, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்குரிய, நான்கு கட்டைகளின் மேலும் கோல்களைச் சத்தமின்றி வைத்து, எடுத்து, அடுத்ததற்கு நகர்த்தினால் போதும். இடைவெளி கைக்குப் பழகியபின் ரோல் தானாகச் சீராகும்.

நான்கு கோலே வராதென்றால் விவால்டியின் ஏ மைனர் வயலின் கொன்செர்ட்டோ, ஓபஸ் 3 இலக்கம் 6. வயலினின் அடிச்சுரம் 4 ஓக்டேவுக்குள்ளேயே அடங்கிவிடும். வேகப் பகுதிகள் அப்படியே பொருந்தும். மெதுவான பகுதியில் வில் இழுக்கும் நீண்ட சுரங்களை ரோலால் நிரப்பவேண்டும். ரோல் கரடுமுரடான பிள்ளைக்கு அந்தப் பகுதியை விட்டுவிடுவதே நல்லது.

நான்கு கோல் ஓரளவு வந்துவிட்ட பிள்ளைக்கு, பிரேசில்காரர் நேய் ரொசாரோ 1986இல் மரிம்பாவுக்கும் தந்திக் குழுவுக்கும் எழுதியது. திரும்பத் திரும்ப வரும் கோலங்கள் கையில் நன்றாக உட்காரும். நான்கு பகுதிகளில் ஒன்றை மட்டும் மேடையேற்றினாலும் குறையில்லை.

எதை எடுத்தாலும் வேகமான இடங்களில் எந்தச் சுரத்துக்கு எந்தக் கை என்பதைத் தாளில் பென்சிலால் எழுதிவிடுங்கள். கை மாறினால் அவசரத்தில் கோல், கட்டையைத் தாங்கும் நூலுக்கு மேல் விழும்; அங்கே அடித்தால் சுரம் செத்துவிடும். சைலோஃபோனின் கடினக் கோல்களை மரிம்பாவின் கீழ்க்கட்டைகளில் பாவிக்கவிடாதீர்கள், மரம் வெடிக்கும். ஒர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் பியானோ என்றால் அதன் மூடியைத் தாழ்த்தி வையுங்கள். மரிம்பாவின் சத்தம் சீக்கிரம் அடங்குவது.