சிவப்பு மெழுகு

இன்று விமான நிலையக் கடையில் மேக்கர்ஸ் மார்க் விஸ்கி பாட்டில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கழுத்திலிருந்து சிவப்பு மெழுகு வழிந்து உறைந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதில் மெழுகு வேறு மாதிரி வழிந்திருந்தது.

ஒவ்வொன்றும் கையால் முக்கியெடுப்பது. அதனால்தான் இரண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை.

இந்த யோசனை மார்ஜி சாமுவேல்ஸ் என்ற பெண்மணியுடையது.

1953-ல் அவர் கணவர் பில் சாமுவேல்ஸ், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லொரெட்டோ என்ற சிற்றூரில் ஒரு பழைய வடிசாலையை வாங்கினார். மேக்கர்ஸ் மார்க், பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வகை. பர்பனில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் இருக்க வேண்டும். கூடவே காரமான சுவை தரும் ரை என்ற தானியம் சேர்ப்பதுதான் வழக்கம். பில் அதை விட்டுவிட்டுக் கோதுமையைச் சேர்த்தார். சுவை மென்மையானது. எந்தக் கலவை சரிவரும் என்று பார்க்க, ரொட்டி சுட்டுத் தின்று பார்த்தார்களாம்! பீப்பாயில் ஊறும்வரை வருடக்கணக்கில் யார் காத்திருப்பது?

பெயர், பாட்டிலின் வடிவம், லேபிள் எல்லாமே மார்ஜி. மெழுகை வீட்டிலேயே உருக்கிப் பார்த்திருக்கிறார். முதல் பாட்டில் வெளிவந்தது 1958-ல்.

சரக்கு பில்லுடையது, சரி. ஆனால் கடையில் தூரத்திலிருந்தே அதை அடையாளம் காட்டுவது மார்ஜியின் கைதான்.

பர்பன் துறையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் கென்டக்கி பர்பன் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 2014-ல்தான். அதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.