அவசரப்படாதீங்க அக்கா

வி.எஸ்.எஸ்., அதாவது தானாக வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம், அதற்கான விண்ணப்பத் தேதி முடிய இரண்டு நாள் இருந்தது. பசியாறல் நேரத்தில், நான் மேற்பார்க்கும் லைனில் வேலை செய்யும் அக்கா என் மேசைக்கு வந்து, "தம்பி, நான் எழுதிக் கொடுத்துடவா, இல்ல இருக்கவா?" என்று கேட்டார். "அவசரப்படாதீங்க அக்கா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

எலக்ட்ரானிக் போர்டு செய்யும் எங்கள் லைன் வேறு நாட்டுக்குப் போகப்போகிறது என்று அதற்கு முந்தின வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்கள். வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் யார் யாருக்கு வேலை போகும் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அதனால் நான் சொன்னது பொய் இல்லை என்று பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து வீட்டுக்கு வண்டி ஓட்டும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அக்கா பேர்ப் பட்டியலைக் கேட்கவே இல்லையே. என்ன செய்யட்டும் என்றுதான் கேட்டார்.

கம்பெனி வி.எஸ்.எஸ்.ஸில் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் தருவதாகச் சொல்லியிருந்தது. அக்காவுக்கு 18 வருஷ சர்வீஸ். ஆட்குறைப்பில் அவருக்குக் கிடைத்தது மலேசியாவின் 1980ஆம் ஆண்டு பணிநீக்கப் பலன் விதிமுறைப்படி வருஷத்துக்கு 20 நாள் சம்பளம், ஆக 360 நாள். என் ஒரு வார்த்தையில் கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம் போய்விட்டது.

என் லைனில் ஆட்கள் தப்பை மறைக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அதை ஆரம்பித்து வைத்ததே அக்காதான். ஒரு நைட் ஷிஃப்டில், மெஷினுக்குப் பாகங்களை ஊட்டும் ஃபீடரில் பாகங்கள் சுற்றிய ரீலை மாற்றி மாட்டிவிட்டு, நாற்பது போர்டு போன பிறகு, தானே லைனை நிறுத்திவிட்டு வந்து நின்றார். கையில் அந்த ரீல். நான் சத்தம் போடவில்லை, இரண்டு பேரும் உட்கார்ந்து நாற்பதையும் பிரித்து எடுத்தோம். அப்புறம்தான் மற்றவர்களும் தாங்களாகவே வந்து சொல்லத் தொடங்கினார்கள். அதை நான் சம்பாதித்த நம்பிக்கை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்போது வேறு லைன், பழைய ஆட்களில் பாதிப் பேர் என்னோடுதான் இருக்கிறார்கள். போன மாதம் அலமாரிக்குப் பின்னால் ரோஸ் நிற ஆன்டி-ஸ்டாட்டிக் பையில் சுற்றிய பதினொரு போர்டைப் பார்த்தேன். யார் என்று கேட்டேன். ஒருவரும் நிமிரவில்லை.

"தெரியும், ஆனா சொல்ல முடியாது அக்கா" என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாமோ என்று யோசிப்பேன். அப்படிச் சொல்வதே பாதி சொன்ன மாதிரிதானே, கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லாத நாளிலும் அதே பதிலைச் சொல்லிப் பழக்கியிருந்தால் சரியாக இருந்திருக்கும் என்றும் தோன்றும்.

போன வாரம் அப்படித்தான் சொன்னேன். மறுபடியும் ஆட்குறைப்பு என்று கேன்டீனில் பேச்சு. ஒரு சின்னப் பெண் வந்து, "அண்ணே, உண்மையா?" என்றாள். எனக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. இருந்தாலும், "இந்த மாதிரி விஷயம் என்கிட்ட கேட்டா நான் சொல்ல முடியாதும்மா" என்றேன். அவள் முகம் வெளிறிப் போய்விட்டது. மறுநாளே மூன்று பேர் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போக லீவு கேட்டு வந்தார்கள், அவளும் ஒருத்தி. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.