கினோசாக்கி நாட்குறிப்பு: நண்டு சீசன்ல ஒரு சின்ன ரியோகான்

டிசம்பர் 5, வெள்ளி, சாயங்காலம்

ஒசாகாவுல எக்ஸ்பிரஸ் ஏறி ரெண்டே முக்கால் மணி நேரத்துல கினோசாக்கி ஒன்சென்ங்கிற வெந்நீர் ஊற்று ஊருக்கு வந்தாச்சு. ஹ்யோகோ மாகாணத்தோட வடக்கு ஓரம், கொஞ்சம் தள்ளி போனா ஜப்பான் கடல். நவம்பர் 6ல இருந்து மார்ச் 20 வரைக்கும் இங்க மாட்சுபா நண்டு சீசன், அதனால வாடகை எல்லாம் தாறுமாறா ஏறி கிடக்கு, நண்டு சாப்பாடு இருக்கிற ராத்திரிக்கு எங்களுக்கு 45,000 யென், அதுவும் ரூமுக்கு இல்லங்க, ஆளுக்கு! ராத்திரி சாப்பாடு, காலை சாப்பாடு ரெண்டும் அதுக்குள்ள அடக்கம்னு இவர் என்னை சமாதானப்படுத்துறார். அது போக குளியல் வரின்னு ஆளுக்கு 150 யென் தனியா.

நாங்க தங்குற ரியோகான், அதாவது ஜப்பான் பாரம்பரிய விடுதி, எட்டே ரூம் உள்ள மூணு மாடி மர வீடு. 1925 மே மாசம் வந்த பூகம்பத்துலயும் தீயிலயும் ஊரே அழிஞ்சு போயி திரும்ப கட்டினதுதான் இப்ப ஆத்தோரமா நிக்கிற இந்த மர வீட்டு வரிசை எல்லாம். வாசல்லயே ஷூவை வாங்கி வச்சுக்கிட்டாங்க. நம்ம ரூமை பார்த்துக்கிற நகாய்-சான் அறுபது வயசு தாண்டின அம்மா, முட்டி போட்டு உக்காந்து ரெண்டு கையாலயும் கதவை தள்ளி திறந்து, டீயும் மாஞ்சுங்கிற ஒரு சின்ன இனிப்பு பன்னும் வச்சிட்டு, சாப்பாடு 6 மணிக்கா 6.30க்கான்னு கேட்டாங்க. அவ்ளோதான் சாய்ஸ். 8 மணிக்கு சாப்பிடலாமான்னு கேட்கவே எனக்கு தைரியம் வரல. யுகாதாங்கிற பருத்தி அங்கியை இடது பக்கம் மேல வர்ற மாதிரி கட்டணும், வலது மேல வந்தா அது இறந்தவங்களுக்கு கட்டுற முறைன்னு இவருக்கு கட்டி விட்டே காட்டினாங்க.

அதே நாள், ராத்திரி 10 மணி

சாப்பாடு முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு, இன்னும் நகர முடியல.

ரூம்லயே தான் பரிமாறினாங்க. தட்டு பக்கத்துல கையால எழுதின மெனு தாள், இவரோடது மட்டும் வேற மாதிரி, ஏன்னா மாட்டுக்கறி சாப்பிட மாட்டார்னு புக் பண்ணும்போதே சொல்லிட்டோம். இந்த தாஜிமா பகுதி மாடுதான் கோபே பீஃபுக்கே மூலம், அதை வேணாங்கிறவரை அந்த அம்மா ஒரு மாதிரி பாவமா பார்த்தாங்க.

முதல்ல வந்தது பெண் நண்டு, செகோன்னு சொல்றாங்க, உள்ளங்கை அளவுதான், அதையும் டிசம்பர் 31 வரைக்கும்தான் பிடிக்க விடுவாங்களாம். காலை எல்லாம் உரிச்சு ஓட்டுக்குள்ளயே அடுக்கி, உள்ள இருக்கிற ஆரஞ்சு முட்டையை நடுவுல வச்சு, வெளி முட்டையை ஓரத்துல தூவி கொண்டு வந்தாங்க. உள் முட்டை கெட்டியா வாய்ல ஒட்டுது, வெளி முட்டை நறநறன்னு கடிபடுது. பெரிய நண்டை விட எனக்கு இதுதான் பிடிச்சது, இவர் ஒத்துக்கல.

அப்புறம்தான் பெரியவர் வந்தார், ஆண் நண்டு, காலில நீல கலர் பிளாஸ்டிக் டேக் மாட்டியிருக்கு. பக்கத்துல சுயியாமா துறைமுகத்துல இறங்கினதுன்னு அர்த்தம், எந்த போட்டுன்னும் அதுல இருக்கு. டேக் இல்லாத நண்டு பாதி விலைன்னு இவர் காதுல கிசுகிசுத்தேன், நகாய்-சானுக்கு தமிழ் தெரியாதுங்கிற தைரியம். பச்சையா ஒரு கால், ஐஸ் தண்ணில முக்கினதும் சதை அப்படியே பூ மாதிரி விரிஞ்சு நிக்குது, வாய்ல போட்டா இனிப்பு, கடல் வாசனையே கொஞ்சமாதான். அடுத்தது கரி அடுப்புல சுட்டது, அப்புறம் ஓட்டுல இருக்கிற மூளை மாதிரி பச்சை சமாச்சாரத்தை ஓட்டோட அடுப்புல வச்சு கொதிக்க விட்டாங்க, அதுல சூடா சாக்கேங்கிற அரிசி மது ஊத்தி இவர் குடிச்சார், நான் ஒரு வாய், போதும். கடைசில நண்டு வெந்த சாறுல சோறும் முட்டையும் போட்டு ஒரு கஞ்சி. எங்க வீட்டுல காய்ச்சல்காரனுக்கு குடுக்கிற கஞ்சி பக்குவம்தான், ஆனா மொத்த நண்டோட ருசியும் அதுக்குள்ள இறங்கி இருக்கு, வயிறு இடம் இல்லைங்குது, கை நிக்க மாட்டேங்குது.

ஒண்ணு கவனிச்சேன். ஒரு ஐட்டத்தை முடிச்சு குச்சியை கீழ வச்சதும் கதவு திறக்கும். எட்டி பார்க்கிறாங்களா, சத்தத்தை வச்சு கண்டுபிடிக்கிறாங்களா தெரியல. ஒரு தடவை கூட சீக்கிரமாவும் வரல, லேட்டாவும் வரல. நாங்க கீழ குளிச்சிட்டு திரும்பும்போது மேசையை ஓரமா நகர்த்தி மெத்தை விரிச்சாச்சு.

டிசம்பர் 6, சனி

காலைல பாதி காஞ்ச கரெய்ங்கிற தட்டை மீன் சுட்டது, கொதிக்கிற டோஃபு, மிசோ சூப், ஊறுகாய், சோறு. சோறு தனியா சொல்லணும். கோவுனோதோரின்னு ஒரு பெரிய வெள்ளை நாரை, ஜப்பான்ல 1971லயே காட்டுல அழிஞ்சு போச்சு, வயல்ல தெளிச்ச மருந்து அதுக்கு ஒரு காரணம். இந்த டோயோக்கா பகுதியில வளர்த்து 2005ல திரும்ப பறக்க விட்டாங்க, அதுக்காக மருந்தை குறைச்சு விளைவிக்கிற அரிசிதான் இது. நேத்து ஏறி வந்த ட்ரெயினுக்கும் அந்த நாரை பேர்தான். ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேன், இவர் மூணு.

அப்புறம் நாள் முழுக்க குளியல்தான். ஊர்ல ஏழு பொது குளியல் வீடு, தங்கறவங்களுக்கு ரியோகான்லயே ஒரு பார்கோட் அட்டை குடுத்துடறாங்க, எல்லாம் இலவசம். யுகாதா, மேல ஒரு கோட்டு, காலில மரச்செருப்பு, கைல துண்டு கூடை, ஊரே அந்த கோலத்துலதான் நடக்குது. யுகாதா டிசைனை வச்சே எந்த ரியோகான் ஆளுன்னு குளியல் வீட்டு வாசல்ல இருக்கிறவங்க கண்டுபிடிச்சிடுவாங்களாம். துணி இல்லாம எல்லாரோடயும் குளிக்கணுமேன்னு யோசிக்கிறவங்களுக்கு: முதல் அஞ்சு நிமிஷம் கூச்சம், அப்புறம் யாரும் யாரையும் பார்க்கிறதில்ல. உக்காந்து நல்லா தேய்ச்சு குளிச்சிட்டுதான் தொட்டியில இறங்கணும், அது மட்டும் முக்கியம். எனக்கு பிடிச்சது கோஷோ-நோ-யு, திறந்த வெளி, பின்னாடி மலை, அருவி. இச்சி-நோ-யுல குகைக்குள்ள தொட்டி, இவருக்கு அதுதான்.

எங்க ரியோகான் தொட்டி ஏன் இவ்ளோ சின்னதுன்னு ஓகாமி, அதாவது வீட்டுக்கார அம்மா, கதை சொன்னாங்க. 1927ல ஒரு ரியோகான் உள்ளயே குளியல் தொட்டி வைக்க போக, வெந்நீர் ஊருக்கே பொதுன்னு ஊர்க்காரங்க எதிர்த்து, கேஸ் கோர்ட்டுக்கு போயி 1950லதான் சமாதானம் ஆச்சாம். அதுக்கப்புறம் உள்ள தொட்டி வைக்கலாம், ஆனா சின்னதா. நல்ல முடிவுன்னு தோணுது, தொட்டி பெருசா இருந்திருந்தா நாங்க ரூமை விட்டே கிளம்பியிருக்க மாட்டோம், வெளிய இருக்கிற டீக்கடை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் ஈ ஓட்டியிருக்கும்.

ராத்திரி நண்டு இல்லாத சாப்பாடு, விலையும் குறைவு. ஆளுக்கு ஒரு குட்டி சட்டி அரிசி, கீழ மெழுகு மாதிரி ஒரு எரிபொருள் கட்டி, அது எரிஞ்சு தானா அணையும்போது சோறு வெந்திருக்கும். திறந்து பார்க்காதீங்கன்னாங்க, இவர் திறக்க போனார், கையை தட்டி விட்டேன்.

வீட்டுல காலைல கண்ணை திறக்கும்போதே இன்னைக்கு என்ன சமைக்கிறதுங்கிற கேள்வியோடதான் எழுந்திருப்பேன். இங்க எப்போ சாப்பிடணும், என்ன சாப்பிடணும், என்ன உடுத்தணும், எப்போ படுக்கணும் எல்லாத்தையும் வேற யாரோ முடிவு பண்றாங்க. இவருக்கு அது ஹாஸ்டல் மாதிரி இருக்காம். இருக்கும், வீட்டுலயும் அவருக்கு அப்படித்தானே நடக்குது, புதுசா என்ன தெரிய போகுது. நான் குடுத்த காசு நண்டுக்கு இல்ல, இதுக்குத்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

10 மணிக்கு செக்-அவுட், பெட்டியை ஸ்டேஷன்ல போட்டுட்டு டாக்ஸில கென்புதோங்கிற பாறை குகைக்கு போனோம். சுமார் 16 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி எரிமலை குழம்பு ஆறி, அறுகோண தூண் தூணா நிக்குது. மாட்சுயாமாங்கிற விஞ்ஞானி 1926ல இந்த பாறையோட காந்தம் தலைகீழா இருக்கிறதை அளந்துதான், ஒரு காலத்துல பூமியோட வடக்கு தெற்கே மாறி இருந்துச்சுன்னு சொன்னார். ஊருக்குள்ள ஆத்தங்கரை சுவர்ல நேத்து மேல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்ட கல்லும் இங்க இருந்து போனதுதானாம்.

ஸ்டேஷன் பக்கத்து கடையில செகோ நண்டு ரெண்டு வாங்கினேன், ஐஸ் போட்டு கட்டி குடுத்தாங்க. மார்ச்சுக்கு அப்புறம் வந்தா வாடகை எவ்ளோ குறையும்னு இவர் ட்ரெயின்ல போன்ல பார்த்துக்கிட்டு இருக்கார். நண்டு இல்லாட்டியும் பரவாயில்ல, அதே நகாய்-சான் இருப்பாங்களான்னு கேட்டு புக் பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேன்.