பாலைவனத்து ஊர் துன்ஹுவாங்

சீனாவின் கன்சு மாகாணத்து மேற்குக் கோடியில், கோபி பாலைவனத்தில் துன்ஹுவாங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சீனக் கணக்கில் அது நகரம்தான். ஆனால் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குள். தாங் ஆற்றுத் தண்ணீரை நம்பியே பிழைக்கிறது.

கி.மு. 111ஆம் ஆண்டையொட்டி ஹான் பேரரசர் வூ இதைப் பட்டுப்பாதையின் எல்லைக் காவல் ஊராக்கினார். கி.பி. 366இல் லேட்சுன் என்ற பௌத்தத் துறவி அருகிலிருந்த மலைச்சரிவில் முதல் குகையைக் குடைந்தார் என்கிறார்கள். பிறகு ஆயிரம் ஆண்டுகள் குடைந்து தள்ளிவிட்டார்கள். இன்று ஓவியமும் சிலையும் உள்ள குகைகள் மட்டும் 492.

என்னை உறுத்துவது 17ஆம் குகை. 1900இல் வாங் யுவான்லு என்ற தாவோயிசத் துறவி, சுவருக்குப் பின்னால் ஓலைக்கட்டு போலச் சுவடிச் சுருள்கள் அடுக்கிய சின்ன அறையைக் கண்டார். அரசு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1907இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் சொற்ப வெள்ளி கொடுத்துப் பெட்டி பெட்டியாக அள்ளிப் போனார். 868இல் அச்சான வஜ்ர சூத்திரம் என்ற பௌத்த நூலும் போயிற்று. மறு ஆண்டு பெல்லியோ என்ற பிரெஞ்சுச் சீனவியல் அறிஞர், மெழுகுவத்தி வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி நல்லதாகப் பொறுக்கினார். படிப்பாளியின் கொள்ளைதான் மோசமானது! வாங் அந்தப் பணத்தைக் குகைத் திருப்பணிக்கே செலவிட்டார். அவரை முழுதாகத் திட்ட மனம் வரவில்லை.

ஊரின் பெருமை உணவு, கழுதைக்கறியோடு மஞ்சள் நூடுல்ஸ். நாடு முழுக்கப் பெய்ஜிங் நேரம் என்பதால் கோடையில் சூரியன் மறையவே இரவு ஒன்பதாகிறது. அதன் பிறகுதான் இரவுச் சந்தை களைகட்டுகிறது.