லூசி ஊரில் ஒரு நாள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஜேம்ஸ்டவுனிலிருந்து செலரான் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அதற்கு 40 டாலர் வாங்கிவிட்டார் டாக்சிக்காரர்! திரும்பி வரும்போது சவாரி கிடைக்காதாம், அதனால் டபுள் வாடகையாம். ஏறும்போது இதைப் பற்றி மூச்சு விடவில்லை. போகிறவர்கள் வாடகையைப் பேசிவிட்டு ஏறுங்கள்.

'ஐ லவ் லூசி' என்ற பழைய அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடரில் லூசியாக நடித்த லூசில் பால் வளர்ந்த ஊர் செலரான். ஏரிக்கரைப் பூங்காவில் அவருக்கு இரண்டு சிலைகள். 2009-இல் வைத்த முதல் சிலை, முறைத்த கண்ணும் இளித்த பல்லுமாக, பார்க்கவே கொடுமை. ஊரே சண்டை போட்டு 2016-இல் வேறு சிலை வைத்தார்கள். புதியதில் தொடரில் வரும் அந்தப் புள்ளி கவுனும் முத்துமாலையும் அச்சு அசலாக லூசி.

கையில் இருந்ததில் பெரும்பகுதி டாக்சிக்குப் போனதால், மதியச் சாப்பாடா, ஜேம்ஸ்டவுனில் இருக்கும் லூசி மியூசியத்துக்கு டிக்கெட்டா என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது. டிக்கெட்தான் எடுத்தேன். எடுத்தது சரி.

உள்ளே 'ஐ லவ் லூசி' தொடரின் வீட்டை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், தொடரில் லூசி சாராயம் கலந்த டானிக்குக்கு விளம்பரம் செய்யும் காட்சியின் செட். லூசி ஒவ்வொரு ஸ்பூனாக விழுங்கி, நாக்குக் குழறி, கடைசியில் தள்ளாடுவாளே, அதே மேஜை, அதே பாட்டில்கள். நாமும் நின்று வசனம் பேசலாம். முன்னால் நின்ற பாட்டி ஒருவர் திரையைப் பார்க்காமலே முழு வசனத்தையும் சொன்னார். மொத்தக் கூட்டமும் கை தட்டியது.

லூசில் பாலை வெறும் சிரிப்பு நடிகை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1951-இல் தொடரை நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பச் சொன்னது சிபிஎஸ் டிவி நிறுவனம். அவரும் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம் என்று சொல்லி, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஃபிலிமில் எடுத்தார்கள். அதற்குப் பதிலாக அந்த ஃபிலிமின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து, ஒரே நேரத்தில் மூன்று கேமராக்கள். அன்று ஃபிலிமில் எடுத்ததால்தான் இன்றைக்கும் நாம் அதைப் பளிச்சென்று பார்க்கிறோம். ஒரு காலத்தில் சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டுடியோவையே 1957-இல் இருவரும் விலைக்கு வாங்கினார்கள். 1960-இல் விவாகரத்து. 1962-இல் டெசியின் பங்கையும் வாங்கி, தனியாளாக ஸ்டுடியோவை நடத்தினார் லூசில். 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் அங்கிருந்து வந்ததுதான்!

அப்புறம் இரவு, பட்டினிக்கு ஈடாக, மீன் வறுவல். வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. தட்டை மீறி நீண்ட ஒரே துண்டு, மொறுமொறு மேல்மாவு, உள்ளே வெள்ளை வெளேரென்று ஆவி. கொடுத்த காசுக்கு மேலேயே இருந்தது.

மறுநாள் காலை நடந்தே லேக் வியூ கல்லறைத் தோட்டம் போனேன். 1989-இல் காலமானபோது லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்த அஸ்தியைப் பிள்ளைகள் பின்னாளில் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். கல்லில் 'வீட்டுக்கு வந்துவிட்டாய்' என்று பொறித்திருக்கிறது. அங்கேதான் அப்பா ஹென்றியும் இருக்கிறார். 1915-இல் டைபாய்டு வந்து அவர் இறந்தபோது லூசிலுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை.