அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்தபோது

எழுபது வயதைத் தாண்டியவர் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடக்கிறார். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அப்படியென்றால் அநேகமாக இடுப்பில் எலும்பு முறிந்திருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. இந்த நிலையில் நிற்க வைத்துப் பார்க்கக் கூடாது, எண்ணெய் போட்டு நீவக் கூடாது, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தும் கொண்டுபோகக் கூடாது. 108-க்குச் சொன்னால் படுக்க வைத்தபடியே தூக்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் அப்படித்தான் பக்கத்திலிருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை, எல்லா ஜி.எச்.சிலும் நடைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

புத்தூர் கட்டு போட்டால் போதும் என்று போனிலேயே சொன்னவர்கள் உண்டு. கை எலும்புக்கோ கணுக்காலுக்கோ யார் என்ன செய்துகொள்கிறார்களோ, அது அவரவர் விருப்பம். ஆனால் அம்மாவுக்கு ஆனதுபோல் இடுப்பு மூட்டோடு சேரும் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் மேலே இருக்கும் பந்து போன்ற பாகத்துக்கு ரத்தம் போகும் வழியும் சேர்ந்து கெட்டுவிடுகிறது. வயதானவர்களுக்கு அது தானாக ஒட்டுவது அரிது. அதனால்தான் அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். அதையும் முடிந்தவரை ஒன்றிரண்டு நாளுக்குள் செய்வதே நல்லது. படுத்தே கிடந்தால் சளி நுரையீரலில் கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும்.

அவசரப் பிரிவில் முதலில் கேட்டது எப்படி விழுந்தார்கள், எத்தனை மணிக்கு என்பது. விழுந்து அடிபட்டு வந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதை ஏ.ஆர். என்கிறார்கள். அந்தப் பதிவு எண்ணையும் உள்நோயாளி எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு போகிற எல்லா ஜன்னலிலும் "ஐ.பி. நம்பர் சொல்லுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. எக்ஸ்ரே எடுத்து, காலில் பட்டை சுற்றி, கட்டிலின் கால்மாட்டில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, பெண்கள் எலும்பு வார்டுக்கு அனுப்பினார்கள்.

வார்டில் நுழைந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் நோயாளி எந்த யூனிட் என்பது. பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு துறையும் பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர்கள், பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள். ஓ.பி. பார்க்கும் நாள், அட்மிஷன் நாள், தியேட்டர் நாள் எல்லாம் யூனிட்டுக்கு யூனிட் வேறு. நமக்கு முக்கியம் தியேட்டர் நாள், அதாவது அந்த யூனிட் ஆபரேஷன் செய்யும் நாள். அன்றைக்குள் ரத்தப் பரிசோதனை, இதயத்தைப் பார்க்கும் எக்கோ, ஆபரேஷனைத் தாங்குவார் என்று மயக்க மருந்து டாக்டர் தரும் ஃபிட்னஸ், காப்பீட்டு அனுமதி எல்லாம் நோயாளியின் கேஸ் ஷீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த தியேட்டர் நாள்தான். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. எனக்குச் சொன்னது பக்கத்துப் படுக்கையில் மாமியாருக்குத் துணையாக இருந்த ஒரு அக்கா. "உங்க யூனிட்டுக்கு தியேட்டர் வியாழக்கிழமை. புதன் சாயங்காலத்துக்குள்ள பேப்பர் எல்லாம் சேர்ந்துரணும், பாத்துக்க" என்றார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிட்டோம்.

காலை ரவுண்ட்ஸில் சீஃப் வரும்போது துணைக்கு இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். கும்பலாக வந்து, ஒரு படுக்கைக்கு ஒன்றிரண்டு நிமிடம் நின்று, போய்விடுவார்கள். அவர்களை வழிமறித்துக் கேட்பதில் பயனில்லை. ரவுண்ட்ஸ் முடிந்து பி.ஜி. டாக்டர் திரும்ப வந்து கேஸ் ஷீட் எழுதுவார் இல்லையா, அதுதான் கேட்கும் நேரம். "என்ன ஆச்சு டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால் "பாத்துட்டு இருக்கோம்மா" என்று பொதுவாகத்தான் பதில் வரும். "எக்கோ ரிசல்ட் கேஸ் ஷீட்ல இருக்கா? ஃபிட்னஸுக்கு இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டபோது அந்தச் சின்னப் பையன் டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் கம்மியா இருக்கு, ரத்தம் ஒரு யூனிட் ஏத்தணும், மத்தது ஓகே" என்று சொல்லிவிட்டார். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தாலும் குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகவே பதில் சொல்கிறார்கள்.

அதே மாதிரிதான் மாத்திரை விஷயமும். அம்மாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்திருப்பார். மயக்க மருந்து டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, "காலைல வெள்ளை ஒண்ணு, நைட்டு நீளமா ஒண்ணு" என்றார் அம்மா. டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடுவதால், அந்த மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து இருக்கிறது. நல்லவேளையாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கும் நோட்டு வீட்டில் இருந்தது. தம்பி அதைப் படம் எடுத்து அனுப்பியதும் வேலை முடிந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டைகளை இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இனி காப்பீடு. நாங்கள் அதிகம் அலைந்தது இதற்குத்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது முழுப் பெயர். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது, 2018-ல் ஒன்றிய அரசின் திட்டமும் இதோடு சேர்ந்தது. வார்டில் யாராவது "கலைஞர் கார்டு இருக்கா?" என்று கேட்டால் இதைத்தான் கேட்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, கார்டு எதற்கு என்று எனக்கும் தோன்றியது. சிகிச்சை இலவசம்தான். ஆனால் உள்ளே வைக்கும் உலோக மூட்டு போன்ற விலை கூடிய பொருட்களை இந்தக் காப்பீட்டுப் பணத்தில்தான் வாங்குகிறார்கள். அதனால் கார்டைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

அப்பா இருந்தபோது அவர் பெயரில் கார்டு இருந்தது. அவர் போன பிறகு அம்மாவின் பெயரைத் தம்பியின் ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டோம். தம்பி குடும்பத்துக்குக் காப்பீட்டு அட்டையே எடுக்கவில்லை. காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் ரேஷன் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் வரலைக்கா" என்றார். கையில் அட்டை இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, பதிவு இருந்தால் எண்ணை வைத்து எடுத்துவிடலாம். எங்களுக்குப் பதிவே இல்லை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும் என்றார். அம்மா உள்நோயாளியாகப் படுத்திருக்கிறார் என்று டாக்டரிடம் கடிதமும் வாங்கித் தம்பியிடம் கொடுத்தேன். அவன் ஊருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் வண்டியில் அலைந்து காப்பீட்டு எண்ணை வாங்கி வந்தான். பிறகு காப்பீட்டுப் பிரிவிலிருந்து வந்து அம்மாவைப் படுக்கையிலேயே படம் எடுத்துப்போனார்கள். எக்ஸ்ரே, கேஸ் ஷீட் நகல் எல்லாம் சேர்த்து அனுமதிக்கு அனுப்பினார்கள். அனுமதி வந்துவிட்டதா என்று நாம்தான் போய்ப் போய்க் கேட்க வேண்டும்.

அம்மா அப்பாவின் பெயரை ஒரு ரேஷன் கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர்கள் காப்பீட்டுப் பதிவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. உடம்பு நன்றாக இருக்கும்போது இது அரைநாள் வேலை. எடைக்கல் தொங்கும் கட்டிலில் அம்மா படுத்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் நீளம்.

ரத்தத்தை ரத்த வங்கி இருப்பிலிருந்தே கொடுத்தார்கள். ஈடாக யாராவது கொடுத்தால் நல்லது என்றார்கள். தம்பியின் நண்பர்கள் வந்தார்கள். 18 வயதிலிருந்து 65 வரை, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் கடைசியாகக் கொடுத்து 90 நாளும் பெண்கள் 120 நாளும் ஆகியிருக்க வேண்டும். ஒரு பையன் சமீபத்தில் கையில் டாட்டூ போட்டிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொருவன் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று நினைத்துப் பட்டினியாக வந்திருந்தான். அவனை கேன்டீனுக்கு அனுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் எடுத்தார்கள்.

எக்கோ எடுக்க வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் கை நீட்டினார். இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நிலைய மருத்துவ அலுவலர் அறையில் புகார் சொல்லலாம், 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆனால் சொன்னால் அம்மாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அந்த வார்டில் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. அந்தப் பயத்தில்தான் அது நடந்துகொண்டே இருக்கிறது என்பதும் தெரிகிறது. அதே வார்டில் இரவு முழுக்க ஒரு காசு வாங்காமல் அம்மாவுக்கு பெட் பேன் வைத்து எடுத்த ஒரு பணியாளரும் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்க முடியாது. ஒரு நோயாளிக்கு ஒருவர் என்று கையில் வண்ணப் பட்டை கட்டிவிடுவார்கள். அதனால் உள்ளே நான், வெளியே தம்பி. பாய், போர்வை, நீள வயர் உள்ள சார்ஜர், மூடி போட்ட டம்ளர், ஒரு பூட்டு, பழைய வேட்டித் துணி, இவை இருந்தால் சமாளிக்கலாம். பணத்தையும் போனையும் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். நோயாளிக்குச் சாப்பாடு உள்ளேயே வரும். நமக்கு வாசலில் அம்மா உணவகம் இருந்தது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். சாம்பார் சாதம் சுடச்சுட இருக்கும்போது போய்விட வேண்டும்.

படுக்கைப் புண் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. நர்ஸ் ஒருவர் எத்தனை படுக்கையைத்தான் பார்ப்பார்? சர்ஜிகல் கடையில் ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்கிறது. எடை தொங்கும் காலை ஆட்டக் கூடாது என்பதால் எவ்வளவு புரட்டலாம் என்று சிஸ்டரிடம் கேட்டு, அவர் காட்டியபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முதுகைத் தூக்கித் துடைத்துவிட்டேன். கெண்டைக்காலுக்குக் கீழே துணியை மடித்து வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொண்டேன். குதிகாலும் சீக்கிரம் சிவக்கும் என்று சொன்னதும் அந்த சிஸ்டர்தான்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். சாயங்காலம் கதவைத் திறந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக வந்துவிடுகிறார்கள். கட்டில் விளிம்பில் உட்காருகிறார்கள், கட்டில் அசைந்தால் எடைக்கல்லும் அசையும், அம்மா முகம் சுளிப்பார். ஒரு சித்தப்பா, அம்மா காதில் விழும்படியே, "எங்க ஆபீஸ் வாட்ச்மேன் அம்மாவுக்கும் இதே மாதிரிதான், அப்புறம் எந்திரிக்கவே இல்லை" என்றார். சர்க்கரை நோயாளிக்கு ஜூஸ் வாங்கி வந்தவர்களும் உண்டு. சளி, இருமலோடு வராதீர்கள், குழந்தைகளைக் கூட்டி வராதீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். உதவி செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால் மதியம் வந்து பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காருங்கள். துணைக்கு இருப்பவர் வீட்டுக்குப் போய்க் குளித்து, கண்ணை மூடிவிட்டு வருவார். என் நாத்தனார் அதைச் செய்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும் கொண்டு வரவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. முந்தின இரவிலிருந்து சாப்பாடு கிடையாது என்றதும், பி.பி. மாத்திரையைக் காலையில் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுங்கள் என்றார்கள். சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்றார்கள். இதை நோயாளிக்கு நோயாளி கேட்டுத்தான் செய்ய வேண்டும். கம்மல், மூக்குத்தி, பல்செட் எல்லாவற்றையும் முன்பே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் மூக்குத்தி கழலவே இல்லை, தேங்காயெண்ணெய் போட்டு ஒருவழியாகத் திருகி எடுத்தோம். மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார். அம்மா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார், ஆனால் நின்றுவிட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று அவசரப்படாமல் டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். பெயர், வயது, எந்தப் பக்கத்துக் கால், மாத்திரை எத்தனை நாளைக்கு, தையல் என்றைக்குப் பிரிப்பது, திரும்ப வர வேண்டிய ஓ.பி. நாள் எது என்று பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரே காப்பீட்டுக் கோப்புக்கும் தேவைப்படுகிறது, நமக்கும் அடுத்த முறை காட்டத் தேவை. ஃபிலிம் கிடைக்காவிட்டால் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மாற்ற வேண்டியவை இரண்டு. இந்த மூட்டு வைத்தவர்கள் கீழே சம்மணமிட்டு உட்காரக் கூடாது, குத்தவைக்கவும் கூடாது. அதனால் இந்தியக் கழிப்பறை ஆகாது. நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலியை அதே சர்ஜிகல் கடையில் வாங்கினோம். இன்னொன்று உயரமான கட்டில். பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கே அலைய வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்டில் தொடங்கியது, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம். அதே திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் அக்காவே பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லி அனுப்பி வைத்தார்.